சிறு பட்டறையின் சிசி கணக்கும் வராத பில் பணமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியாகிய ரெப்போ விகிதத்தைக் குறைக்கும்போதெல்லாம், சிறு தொழில்களுக்குக் கடன் எளிதாகும் என்று செய்தி வருகிறது. 6.50 சதவீதத்தில் நின்றிருந்த ரெப்போ, 2025 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை நான்கு தவணைகளில் 5.25 சதவீதத்துக்கு இறங்கியது. வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வைக்க வேண்டிய ரொக்க இருப்பும் அதே ஆண்டில் 4 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்து, சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய் வங்கிகளின் கைக்குத் திரும்பியது. இரண்டும் நல்ல முடிவுகள்தான். ஆனால் கோவையிலும் திருப்பூரிலும் கரூரிலும் சிசி (கேஷ் கிரெடிட்) கணக்கு, அதாவது தேவைப்படும்போது எடுத்து, பணம் வந்ததும் கட்டும் வங்கிக் கடன் கணக்கு வைத்து நடக்கும் பட்டறைகளில் சனிக்கிழமை சம்பளத்துக்குப் பணம் புரட்டும் பாடு குறையவில்லை. வட்டியைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பொருளை வாங்கிய பெரிய நிறுவனங்கள் பணத்தை நாள் கடத்துகின்றன. அந்தத் தாமதத்தின் பழி முழுவதும், வங்கி விதிகளின் வழியாக, பொருளை விற்றவர் தலையில் விழுகிறது. இது எப்படி நடக்கிறது என்பதைக் கணக்கோடு சொன்னால்தான் விளங்கும்.

ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் விற்பனை உள்ள உதிரிபாகப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். சிறு தொழில் கடனுக்காக ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு வகுத்த முறைப்படி, ஆண்டு விற்பனையில் நான்கில் ஒரு பங்கு, அன்றாடம் தொழிலை ஓட்டும் நடைமுறை மூலதனமாகத் தேவைப்படும். அதில் 5 சதவீதத்தை உரிமையாளர் போட, 20 சதவீதத்தை வங்கி தர வேண்டும். அதன்படி இந்தப் பட்டறையின் லிமிட், அதாவது கடன் வரம்பு, 40 லட்சம். நான்கில் ஒரு பங்கு என்ற கணக்குக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. இரும்பு வாங்கி, கடைந்து, விற்று, காசு கைக்கு வர மூன்று மாதம் ஆகும். ஆண்டில் நான்கு சுற்று ஓடும் என்பதுதான் அது. சரக்கு தயாரிப்பதற்கே சில வாரங்கள் போய்விடுவதால், வாங்கியவர் சொன்ன நாளில் கொடுத்தால் மட்டுமே இந்தச் சுற்று மூன்று மாதத்தில் முடியும்.

லிமிட் 40 லட்சம் என்பதால் 40 லட்சத்தையும் எடுத்துவிட முடியாது. கையிருப்புச் சரக்கையும் வர வேண்டிய பில்லையும் காட்டி மாதந்தோறும் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டை வைத்து, எடுக்கக்கூடிய தொகையை, அதாவது டிபி எனப்படும் டிராயிங் பவரை வங்கி போடும். பட்டறையில் 22 லட்சத்துக்குச் சரக்கு இருக்கிறது. அதில் 8 லட்சம் இன்னும் காசு கொடுக்காமல் கடனாக வாங்கியது. அதைக் கழித்தால் 14 லட்சம். பாதுகாப்புக்காக வங்கி கழித்துக்கொள்ளும் பங்கான மார்ஜின் 25 சதவீதம் போக 10.5 லட்சம். வர வேண்டிய பில் 50 லட்சம், எல்லாமே 90 நாட்களுக்கு உட்பட்டவை. 40 சதவீத மார்ஜின் போக 30 லட்சம். மார்ஜின் வங்கிக்கு வங்கி மாறும், ஆனால் முறை இதுதான். ஆக டிபி 40.5 லட்சம். லிமிட்டுக்குச் சரியாகப் பொருந்துகிறது, கணக்கு சுத்தம்.

இப்போது பெரிய பார்ட்டி ஒன்று 20 லட்சத்தை நிறுத்தி வைக்கிறது. பில் 90 நாளைத் தாண்டுகிறது. அந்தப் பணத்தை நம்பி வாங்க வேண்டிய இரும்பை வாங்க முடியாததால் சரக்கு 14 லட்சமாகக் குறைகிறது. இரும்புக் கடைக்கு வைத்த பாக்கி 10 லட்சமாக ஏறுகிறது. மிச்சம் 4 லட்சம், மார்ஜின் போக 3 லட்சம். புது உற்பத்தி குறைந்ததால் 90 நாளுக்குள் உள்ள பில் 38 லட்சமாகிறது. மார்ஜின் போக 22.8 லட்சம். டிபி 25.8 லட்சத்துக்கு வந்து நிற்கிறது. கணக்கில் ஏற்கெனவே எடுத்திருப்பதோ 39.5 லட்சம். எனவே 13.7 லட்சம் அதிகம் எடுத்ததாக வங்கியின் கணினி காட்டும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பட்டறைக்கு வர வேண்டிய பணம் 50 லட்சத்திலிருந்து 58 லட்சமாக உயர்ந்திருக்கிறது. கடன் வாங்கும் தகுதி மட்டும் கிட்டத்தட்ட 15 லட்சம் சரிந்திருக்கிறது. 90 நாள் தாண்டிய 20 லட்சம் வங்கியின் கணக்கில் பூஜ்யம்.

அதற்குப் பிறகு நாள் எண்ணுவதுதான். நிலுவை டிபிக்கு மேல் தொடர்ந்து 30 நாள் தாண்டினால், கெடும் அறிகுறி உள்ள கணக்கு என்று வங்கி குறிக்கும் எஸ்எம்ஏ-1, 60 நாள் தாண்டினால் எஸ்எம்ஏ-2, 90 நாள் தாண்டினால் என்பிஏ, அதாவது வாராக் கடன். 90 நாள் கணக்கில் வரவே இல்லாவிட்டாலும், வந்த வரவு அந்த 90 நாளில் பிடித்த வட்டிக்குப் போதாவிட்டாலும் அதே கதிதான். மூன்று மாதத்துக்கு மேல் பழைய ஸ்டாக் ஸ்டேட்மென்டை வைத்துப் போட்ட டிபி ஒழுங்கற்றதாகக் கருதப்படும். லிமிட்டைப் புதுப்பிக்காமல் 180 நாள் போனாலும் கணக்கு கெடும். ஒரு கணக்கு என்பிஏ ஆனால் அதே வங்கியில் உள்ள இயந்திரக் கடனும் சேர்ந்தே என்பிஏ ஆகும். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி விளக்கிய பிறகு, முழு பாக்கியையும் கட்டினால் ஒழியக் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பாது. கொஞ்சம் வட்டி கட்டிச் சமாளிக்கும் பழைய வழி அடைபட்டுவிட்டது. இதை எல்லாம் ஒவ்வொரு நாளும் வேலை முடிவில் கணினியே செய்துவிடுவதால், பட்டறையை நன்கு அறிந்த கிளை மேலாளராலும் தடுக்க முடியாது.

வங்கியின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. குறு, சிறு தொழிலுக்கான நல்ல கணக்குக்கு, நஷ்டம் வந்தால் ஈடுகட்ட என்று வங்கி 0.25 சதவீதம் ஒதுக்கினால் போதும். இந்த 39.5 லட்சத்துக்கு அது பத்தாயிரம் ரூபாய்கூட ஆகாது. என்பிஏ ஆனதும், பிணை உள்ள கடனுக்கு 15 சதவீதம் ஒதுக்க வேண்டும், ஏறக்குறைய 5.9 லட்சம். வராத வட்டியை வருமானமாகவும் காட்ட முடியாது. இதைப் பார்த்த வங்கி அடுத்த பட்டறைக்குக் கடன் கொடுக்கும்போது கையை இழுத்துக்கொள்வது இயல்பு. வளரும் நாடுகளில் இது பொருளாதாரம் முழுவதையும் பாதிக்கிறது. நம் நாட்டில் சிறு தொழிலால் பங்குச் சந்தையிலோ பத்திரச் சந்தையிலோ எளிதில் பணம் திரட்ட முடியாது. இருப்பது வங்கியும் வியாபாரக் கடனும் மட்டுமே. வங்கி சிசி கணக்கிலிருந்து இரும்புக் கடைக்குப் பணம் அனுப்பும்போது, கடைக்காரர் கணக்கில் புதிய வைப்பு உண்டாகிறது. நாட்டின் பணப்புழக்கம் பெருகுவது இப்படித்தான். அந்தச் சுற்று பெரிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான்கு மாதம் தங்கி நின்றால், ரொக்க இருப்பு விகிதத்தைக் குறைத்து மேலே எவ்வளவு ஊற்றினாலும் கீழே சொட்டுதான் விழும்.

வட்டிக் குறைப்பின் பலனைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறு, சிறு தொழில்களுக்கு மாறும் வட்டியில் தரும் புதிய கடன்கள் 2019 அக்டோபர் முதல் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டுள்ளன. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்த வேண்டும். ரெப்போ 1.25 சதவீதம் குறைந்தால் 40 லட்சத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் மிச்சம். 20 லட்சம் ஆண்டு முழுக்க அடுத்தவர் கையில் மாட்டிக்கிடந்தால், 10 சதவீத வட்டிக்கு வைத்தாலும் 2 லட்சம் நஷ்டம். இடையில் கணக்கு ஒழுங்கு தவறினால் வங்கியின் உள் மதிப்பீடு இறங்கி, ரெப்போவுக்கு மேல் வைக்கும் கூடுதல் வட்டியும் ஏறும். கிடைத்த 50,000 அதிலேயே கரையும். சம்பளத்துக்கு நாள் வட்டிக்கு வாங்கியிருந்தால் அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வரியும் சேர்ந்து அழுத்துகிறது. 18 சதவீத ஜிஎஸ்டி உள்ள பொருளாக இருந்தால், அந்த 20 லட்சம் பில்லில் 3 லட்சத்து 5 ஆயிரம் ரூபாய் வரி. தான் வாங்கிய பொருளுக்கு ஏற்கெனவே கொடுத்த உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொண்டு மீதியை, பணம் வந்தாலும் வராவிட்டாலும், விற்றவர் அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். வாங்கியவரோ அந்த 3 லட்சத்து 5 ஆயிரத்தையும் உடனே உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். விற்றவருக்கு 180 நாட்களுக்குள் பணம் கொடுக்காவிட்டால்தான் அதைத் திருப்ப வேண்டும். தராத பணத்தின் வரியை ஆறு மாதம் அனுபவிக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. அதே நாட்டில், 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் 45 நாள் என்கிறது. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். ஆக, தொழில் சட்டத்துக்கு 45, வங்கிக்கு 90, வரித்துறைக்கு 180. பெரிய நிறுவனம் தனக்கு வசதியானதைப் பிடித்துக்கொள்கிறது. பட்டறைக்கு 90-தான் வாய்க்கிறது.

45 நாளை மீறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியாகத் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. 2025 டிசம்பரில் வங்கி விகிதம் 5.50, மூன்று மடங்கு 16.5 சதவீதம். 20 லட்சத்துக்கு 60 நாள் தாமதம் என்றால் 54,000 ரூபாய்க்கு மேல் வரும். அந்த வட்டியை வாங்கியவர் வருமான வரியில் செலவாகவும் கழிக்க முடியாது. கேட்டவருக்குக் கிடைக்கும், ஆனால் கேட்டவருக்கு அடுத்த ஆர்டர் கிடைக்காது என்பதால் யாரும் கேட்பதில்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 43பி (எச்) என்று சேர்த்தார்கள். கெடு தாண்டிய பாக்கியைச் செலவாகக் கழிக்க முடியாது, கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம் என்ற விதி அது. நல்ல எண்ணத்தில் வந்த விதிதான். ஆனால் மே மாதப் பில்லைப் பிப்ரவரியில் கொடுத்தாலும் அதே நிதியாண்டில் முழுச் செலவும் கழிந்துவிடும். மார்ச் 31 அன்று கொடுக்காமல் நிற்கும் பில்லுக்குத்தான் அடி. அதனால் மார்ச் கடைசி வாரத்தில் பணம் வருகிறது. ஏப்ரலில் பழைய கதை தொடங்குகிறது.

இதற்கெல்லாம் மாற்றாகத்தான், வர வேண்டிய பில்லுக்கு முன்கூட்டியே பணம் பெற உதவும் டிரெட்ஸ் (TReDS) என்ற இணையத் தளங்கள் 2017 முதல் இயங்குகின்றன. பில்லைத் தளத்தில் ஏற்றி, வாங்கியவர் 'சரி' என்று ஒப்புக்கொண்டால், பல வங்கிகள் அதை ஏலம் கேட்கும். குறைந்த வட்டி கேட்ட வங்கியின் பணம் ஓரிரு நாளில் விற்றவர் கணக்குக்கு வரும். கெடு நாளில் வாங்கியவர் கணக்கிலிருந்து வங்கி நேராக எடுத்துக்கொள்ளும். அவர் தவறினாலும் விற்றவரிடம் திருப்பிக் கேட்க முடியாது. வட்டியும் வாங்கியவரின் தரத்தை வைத்தே போடப்படுவதால், பட்டறைக்கு அதன் சிசி வட்டியைவிடக் குறைவாகக் கிடைக்க வாய்ப்புண்டு. 250 கோடிக்கு மேல் விற்பனை உள்ள நிறுவனங்கள் 2025 மார்ச் 31-க்குள் இதில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் அறிவிப்பு வந்தது. சேர வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஏற்றிய பில்லை இத்தனை நாளுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இல்லை. பதிவு செய்துவிட்டு, பில்லை ஒப்புக்கொள்ளாமல் விட்டால் தளத்தில் எதுவும் நகராது. முழு ஏற்பாடும் இந்த ஒரு 'சரி'யில்தான் தொங்குகிறது.

இதைச் சரிசெய்யப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பொருள் வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ள வேண்டும் என்று 2006 சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஜிஎஸ்டி தளத்திலும் 2024 அக்டோபர் முதல் வாங்குபவர் ஒவ்வொரு பில்லையும் ஏற்கவோ மறுக்கவோ செய்யலாம். எதுவும் செய்யாவிட்டால் ஏற்றதாகவே கணக்கு. வரிச் சலுகை எடுக்க 'ஏற்றேன்' என்று சொன்ன பில்லுக்கு, பணம் என்று வரும்போது மட்டும் மௌனம் எதற்கு? ஜிஎஸ்டி தளத்தில் ஏற்கப்பட்ட பில் தானாகவே டிரெட்ஸில் ஏற்கப்பட்டதாக வேண்டும். உள்ளீட்டு வரிக்கான 180 நாளையும் 45 ஆக்க வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் வசூலுக்கு ஆள் அனுப்பும் வேலை பெருமளவு குறையும்.

வங்கிகள் நாளைக்கே செய்யக்கூடியதும் உண்டு. நாயக் முறையின் 20 சதவீதம் குறைந்தபட்சம். பல கிளைகளில் அதை உச்சவரம்பாக நடத்துகிறார்கள். வசூல் சுற்று நான்கைந்து மாதமாக இருக்கும் தொழிலுக்கு உண்மைச் சுற்றை வைத்து லிமிட் போட விதியில் தடை இல்லை. ஆண்டு நடுவில் விற்பனையைப் பார்த்து லிமிட்டை மறுபரிசீலனை செய்வதற்கும், அவசரத்துக்குத் தற்காலிகக் கூடுதல் லிமிட் தருவதற்கும் கொள்கை வகுக்கும்படி 2015-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நல்ல பார்ட்டியின் பில் 90 நாள் தாண்டினால் உடனே பூஜ்யம் என்று தள்ளாமல், மார்ஜினைக் கூட்டிக்கொண்டு இன்னும் 30 நாள் டிபியில் வைத்திருக்கலாம். பிணையில்லாக் கடனுக்கான உத்தரவாதத் திட்டத்தின் வரம்பு 2025 ஏப்ரலில் 10 கோடியாக உயர்ந்தது நல்லதே. ஆனால் அந்த உத்தரவாதம் அடமானத்துக்குத்தான் ஈடு, டிபி கணக்கை அது மாற்றாது.

பட்டறை நடத்துபவர்கள் கவனிக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். பொருள் அனுப்புவதற்கு முன்பே, குறு, சிறு தொழில் என்று அரசிடம் பதியும் உத்யம் பதிவு இருக்க வேண்டும்; பிறகு பதிந்து பழைய பில்லுக்கு உரிமை கேட்டால் நிற்கும் என்று நம்ப முடியாது. பில்லிலும் பர்ச்சேஸ் ஆர்டரை ஏற்கும் கடிதத்திலும் உத்யம் எண்ணையும் கெடு நாளையும் அச்சிடுங்கள். பொருள் போய்ச் சேர்ந்ததற்கான தேதியிட்ட ரசீது கட்டாயம் வேண்டும். 45 நாளின் தொடக்கம் அந்தத் தேதிதான், பில் தேதி அல்ல. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு இருந்தாலும் இந்த 45 நாள் பாதுகாப்பு கிடையாது. நடுத்தரத் தொழிலுக்கும் கிடையாது. பணம் வராததற்காக அரசின் இணையத் தளத்தில் கொடுக்கும் புகார், இத்தகைய பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் மாநில வசதிக் குழுவுக்குப் போகும். குழுவின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக விரும்பினால் 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், மாதாமாதம் டிபியைத் தாமே போட்டுப் பார்ப்பது. நிலுவை டிபியைத் தாண்டிவிட்டது தெரிந்தால் 30 நாள் காத்திருக்க வேண்டாம். 25 கோடி வரை கடன் உள்ள நலிவுற்ற தொழில்களைச் சீரமைக்க 2015-ல் மத்திய அரசு அறிவித்து, 2016 மார்ச்சில் ரிசர்வ் வங்கி நடைமுறைப்படுத்திய திட்டம் இருக்கிறது. அதன் கீழ் உங்கள் கணக்கைச் சீரமைப்புக் குழுவின் முன் வைக்கச் சொல்லி வங்கிக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் கிளையின் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திட்டம் வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில், கணக்கு என்பிஏ ஆகும் வரை வாய் திறக்காமல் இருந்துவிட்டு, சொத்தை ஏலம் விட வரும்போது இந்தத் திட்டத்தைக் காட்டித் தப்ப முடியாது என்றும் சொன்னது. நல்ல பட்டறைகள் பல மானத்துக்கு அஞ்சி வங்கியிடம் சொல்லாமல், நகையை வைத்து மூன்று மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் கைமீறிய பிறகு வருகின்றன. எஸ்எம்ஏ-1 கட்டத்தில் கொடுத்த ஒரு பக்கக் கடிதம் அந்த நகையைக் காப்பாற்றியிருக்கும்.

கடைசியாக, தங்கள் நாளிதழ் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று. நாள் கடத்தும் பெரிய நிறுவனத்துக்கும் ஏதோ ஒரு வங்கியில் நடைமுறை மூலதனக் கடன் இருக்கிறது. அதன் ஸ்டாக் ஸ்டேட்மென்டிலும் சரக்கிலிருந்து கழிக்க வேண்டிய 'கொடுக்க வேண்டிய பாக்கி' என்ற வரி இருக்கிறது. சிறு பட்டறைகளுக்கு எவ்வளவு தர வேண்டும் என்று ஆண்டுக் கணக்கில் தனியாகக் காட்டச் சட்டம் சொல்கிறது. 45 நாள் தாண்டிய பாக்கியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கம்பெனிப் பதிவாளரிடமும் கம்பெனிகள் தாக்கல் செய்கின்றன. ஆக, வங்கிக்குத் தெரியாமல் எதுவும் இல்லை. பெரிய கடனாளிகளின் லிமிட்டுக்குள், சிறு தொழில்களுக்குக் கொடுப்பதற்கென்றே ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி நெடுங்காலமாக வங்கிகளுக்கு அறிவுறுத்தி வருகிறது. தமிழ்நாட்டில் எத்தனை பெரிய கணக்குகளில் அப்படி ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஒதுக்கியதில் எவ்வளவு பட்டறைகளுக்குப் போனது? மாநில அளவிலான வங்கியாளர் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடி, எவ்வளவு கடன் கொடுத்தோம் என்று மாவட்டவாரியாக அட்டவணை வெளியிடுகிறது. அடுத்த கூட்டத்தின் அட்டவணையில் இந்த இரண்டு எண்களையும் சேர்க்கச் சொல்லி, வந்ததும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
சிறுதொழில் கடன் ஆலோசகர்,
கோயம்புத்தூர்